ஒரே தாளில் மூன்று வழிகள்: நாகூர் ஆண்டவரின் ஷஜரா அச்சேறிய ஒரு நிகழ்வு

பின்னணி

காவிரிக் கழிமுகப் பகுதியில் ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக, நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குப் போய் வருகிறது. ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை தெரிந்து தர்காவில் கொடி ஏறிவிட்டால், பத்தாம் இரவு சந்தனம் பூசும் வரை அவர்கள் வீட்டில் தினமும் மௌலிது (புகழ்ப்பாடல் ஓதுதல்) உண்டு. குடும்பத்துப் பெரியவர் மௌத்தான பிறகு, அவர் நினைவாக ஒரு சிறு மலர் போடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். நாகூர் ஆண்டவர், எஜமான், காதிர் வலி என்றெல்லாம் மக்கள் அழைக்கும், நாகூரில் அடங்கியிருக்கும் ஸூபி ஞானி ஹஜ்ரத் ஷாகுல் ஹமீது அவர்களின் வரலாறும் குரு வழியான சில்சிலாவும்தான் மலரின் உள்ளடக்கம். விற்பனைக்கு இல்லை. கந்தூரிக்கு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பது.

மெய்ப்புப் பார்க்கவும் பக்கம் கட்டவும் என்னைக் கூப்பிட்டார்கள். வேலையில் இருந்தவர்கள் நான்கு பேர்: செலவை ஏற்ற இளைய மகன், வரலாற்றில் முதுகலை படிக்கும் பேத்தி, அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) சரளமாக வாசிக்கிற சாச்சா (சித்தப்பா), அப்புறம் நான். சந்தேகம் வந்தால் கேட்க, பக்கத்து ஊர் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு ஆலிம் இருந்தார்.

இதை விரிவாக எழுதி வைக்கக் காரணம் உண்டு. இப்படிக் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் போடும் மலர்கள் நம் பக்கம் நிறைய. ஒன்றைப் பார்த்து இன்னொன்று அச்சாகிறது. ஒரு மலரில் ஏறிய பிழை அடுத்த தலைமுறையில் 'பழைய புத்தகத்திலேயே இருக்கிறதே' என்று ஆதாரமாக நிற்கிறது. வலிமார்களை (இறைநேசர்களை) நேசிக்கிறவர்கள் செய்கிற வேலை என்பதாலேயே அது சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கையில் கிடைத்தவை

ஒரு தகரப் பெட்டியில் இருந்து மூன்று பொருள்கள் வந்தன. ஒன்று, நீளவாக்கில் எட்டாக மடித்த ஒரு ஷஜரா, அதாவது வழிவழியாக வந்தவர்களின் பெயர்களைக் கோர்த்துக் காட்டும் தாள். பழுப்பேறிய தாளில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்பு மையில் எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் இருந்தது. வட்டங்களை இணைக்கும் கோடு மட்டும் சிவப்பு. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் இற்றுப் போயிருந்ததால், யாரோ பின்பக்கம் மெல்லிய மல் துணி ஒட்டி வைத்திருந்தார்கள். மேலே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயர், கீழே ஷாகுல் ஹமீது அவர்கள், அதற்கும் கீழே யூசுபு சாகிபு அவர்கள்.

இரண்டாவது, பாத்திஹாவில் ஓதுவதற்காகக் குறிப்பேட்டில் எழுதிய ஒரு பெயர்ப் பட்டியல். மூன்றாவது, இதே குடும்பம் பல வருடம் முன்பு போட்ட ஒரு துண்டு வெளியீடு.

ஆரம்பத்தில் யாருக்கும் சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. ஷஜராவை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்து, வண்ணத்தில் ஒரு மரம் வரைந்து நடுப்பக்கத்தில் போட்டுவிடலாம் என்பதுதான் திட்டம். சாச்சா வாசிக்க வாசிக்கப் பேத்தி கணினியில் அடித்தார்.

சிவப்புக் கோடு எங்கே மாறியது

முதலில் நிறுத்தியவர் பேத்தி. காதிரிய்யா என்ற ஸூபி வழியின் மூலவரான முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் வரைக்கும் கீழிருந்து மேலே போகும் வட்டங்கள் எல்லாம் தகப்பன், பாட்டன் என்று போகின்றன. ஷாகுல் ஹமீது அவர்களின் தந்தை ஹசன் குத்தூஸ், அவருக்கு மேலே அவருடைய தந்தை, இப்படி. ஜீலானி அவர்களுக்கு மேலே முதல் வட்டத்தில் இருந்த பெயர் அபூ சயீது முபாரக் அல்-முகர்ரிமி. அதற்கு மேலே அபுல் ஹசன் ஹக்காரி. இன்னும் மேலே போனால் ஷிப்லி, ஜுனைது பக்தாதி, ஸரீ ஸகதி, மஃரூப் கர்கீ.

"ஜீலானி நாயகத்தோட வாப்பா அபூ சாலிஹ் இல்லையா சாச்சா?" என்று அவர் கேட்டார். சாச்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தார். கேள்வி சரிதான். ஜீலானி அவர்களின் தந்தை அபூ சாலிஹ் மூஸா. அந்த வழி இமாம் ஹசன் (ரலி) அவர்களிடம் போகிறது. முகர்ரிமி என்பவர் பக்தாதில் ஜீலானி அவர்களுக்கு ஞான ஆடை அணிவித்த குரு. அந்த வழி ஹசன் பஸரி வழியாக அலி (ரலி) அவர்களிடம் போகிறது. ஆக, ஜீலானி அவர்கள் வரை ரத்த வழியாக ஏறிய சிவப்புக் கோடு, அவரைத் தாண்டியதும் சத்தமில்லாமல் குரு வழியாகிவிட்டது. தாளை எழுதியவரிடம் இரண்டு பட்டியல்கள் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் பெயர் ஒன்றுதான் என்பதால் அங்கே கோர்த்துவிட்டார் என்று ஊகித்தோம்.

அரபு நாட்டிலிருந்து தெற்காசியா வரை ஸூபி வரலாறுகளில் அடிக்கடி நேரும் குழப்பம் இது. நசபு என்பது பிறப்பு வழி. சில்சிலா என்பது பைஅத்து வழி, கைமேல் கை வைத்து வாக்குக் கொடுத்த வழி. சில சமயம் தகப்பனே பீராகவும் (ஞான குருவாகவும்) இருப்பதால் இரண்டும் ஒன்றாகப் போகும். பல சமயம் போகாது.

குவாலியர் குரு எங்கே?

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று அப்போதுதான் தெரிந்தது. நாகூர் மரபு முழுக்க ஒப்புக்கொள்கிற செய்தி, ஷாகுல் ஹமீது அவர்கள் இளம் வயதில், பிறந்த ஊரான வட இந்திய மாணிக்கப்பூரை விட்டுக் கிளம்பி, குவாலியரில் முஹம்மது கவுஸ் அவர்களிடம் முரீதாக (சீடராக) இருந்தார்கள் என்பது. அந்தக் குருவின் பெயர் ஷஜராவில் எங்குமே இல்லை! தந்தை வழி மட்டும் எழுதியதில் குருவுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

முஹம்மது கவுஸ் சாதாரண ஆள் இல்லை. ஷத்தாரி என்ற ஸூபி வழியின் பெரிய பீர். சுனார் மலைப்பக்கம் ஆண்டுக்கணக்கில் கடுந்தவம் இருந்தவர். 1526-இல் குவாலியர் கோட்டை பாபரின் ஆட்கள் கைக்குப் போனதில் அவருடைய பங்கு பற்றிப் பாபரே எழுதியிருக்கிறார். ஹுமாயூன் அவர்மேல் பெரிய மரியாதை வைத்திருந்தார். ஷேர்ஷா ஆட்சிக்கு வந்ததும் குஜராத்துக்குப் போக நேர்ந்தது. யோக நூல் ஒன்றைப் பாரசீகத்தில் ஆக்கித் தந்தவரும் அவரே. 1563-இல் மறைந்தார். குவாலியரில் அவருடைய அடக்கத்தலம் கல் ஜாலிகளோடு (துளைச் சாளரங்களோடு) பெரிதாக நிற்கிறது. பக்கத்திலேயே சின்னதாகப் பாடகர் தான்சேனின் கல்லறை.

இளைய மகனுக்கு இங்கே ஒரு தயக்கம். "எஜமான் காதிரிய்யா ஆச்சே, ஷத்தாரின்னு போட்டா சனங்க குழம்ப மாட்டாங்களா?" ஆலிமிடம் போனோம். அந்தக் காலத்தில் ஒரே பீர் பல தரீக்காக்களில் (ஸூபி வழிகளில்) இஜாஸத்து (அனுமதி) பெற்றிருப்பதும், ஒரு முரீது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சேர்வதும் இயல்பு என்று அவர் சொன்னார். ஜீலானி அவர்களின் சந்ததி என்பதால் காதிரி, கவுஸ் அவர்களின் முரீது என்பதால் ஷத்தாரி. இரண்டையும் சொல்லலாம், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கத் தேவையில்லை என்பது அவர் கருத்து.

ஷத்தாரி வழியை எழுதும்போது அடுத்த கேள்வி வந்தது. அந்தச் சில்சிலா, இமாம் ஜஃபர் ஸாதிக் அவர்களிடமிருந்து நேராக பாயஸீது பிஸ்தாமி அவர்களுக்கு வருகிறது. ஜஃபர் ஸாதிக் மறைந்தது 765-இல். பாயஸீது மறைந்தது ஏறத்தாழ 874-இல். அவர் பிறக்கும் முன்பே இமாம் மறைந்துவிட்டார். பிழை என்று நினைத்து அடிக்கப் போன பேத்தியை ஆலிம் தடுத்தார். நேரில் காணாமலே ஆன்மிகத் தொடர்பால் பெறுவதை உவைஸி வழி என்பார்கள். நபியவர்களை நேரில் காணாமலே அவர்கள் அன்பைப் பெற்ற யமன் நாட்டு உவைஸுல் கர்னீ அவர்களின் பெயரால் வந்தது அது. சில்சிலா எழுதியவர்களுக்குத் தேதி தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தே அப்படி எழுதினார்கள். மரபு தெரிந்த ஒருவரைக் கேட்காமல் தேதியை மட்டும் வைத்துத் திருத்தியிருந்தால், ஒரு சரியான இடத்தைக் கெடுத்திருப்போம்.

ஆண்டுக் கணக்கு

பழைய துண்டு வெளியீட்டில் '1490 முதல் 1579 வரை' என்றும், அதே பக்கத்தில் 'வாழ்ந்தது 68 ஆண்டுகள்' என்றும் இருந்தது. கழித்துப் பார்த்தால் 89 வருகிறது. குறிப்பேட்டிலோ பிறப்பு ஹிஜ்ரி 910, மறைவு ஹிஜ்ரி 978. இதில் 68 சரியாக வந்துவிடுகிறது. ஆங்கில ஆண்டில் 1504 முதல் 1570 வரை. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் ஆங்கிலக் கணக்கில் 66 ஆண்டுதான்.

இத்தோடு விட்டிருக்கலாம். பேத்தி இன்னொரு சோதனை செய்தார். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் அது. குறிப்பேட்டின்படி எஜமான் வீட்டை விட்டுக் கிளம்பியது 18 வயதில். பிறப்பு 1490 என்றால் அது 1508. குவாலியர் குரு பிறந்ததே 1500-ஐ ஒட்டி. அப்போது குரு சின்னப் பிள்ளை. பிறப்பு ஹிஜ்ரி 910 என்றால், 18 வயது ஹிஜ்ரி 928-இல், அதாவது 1522-ஐ ஒட்டி. குருவுக்கு அப்போது இருபது தாண்டிவிட்டது, குவாலியரில் அவர் பெயர் எழும்பி வந்த காலத்துக்கும் பொருந்துகிறது. குருவுக்கும் முரீதுக்கும் வயது வித்தியாசம் மிகக் குறைவு என்பது சிலருக்கு ஆச்சரியமாக இருந்தது. பைஅத்துக்கு வயது கணக்கில்லை என்று சாச்சா அதை எளிதாகக் கடந்துவிட்டார். வெளியே இருந்து தெரிந்த ஒரு தேதியை வைத்து, வீட்டுக் குறிப்பேட்டில் இருந்த கணக்குதான் நிற்கிறது, அச்சில் இருந்தது நிற்கவில்லை என்று காட்ட முடிந்தது. அச்சில் வந்தது என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது.

தலைமுறை எண்ணிக்கை வேறு விதம். ஷஜராவில் ஜீலானி அவர்களுக்குப் பின் 13-ஆம் தலைமுறை, துண்டு வெளியீட்டில் 9. ஜீலானி அவர்கள் பிறந்தது 1078-ஐ ஒட்டி. அங்கிருந்து 1504 வரை 13 ஆக வகுத்தால் தலைமுறைக்கு 33 ஆண்டு. 9 ஆக வகுத்தால் 47. முன்னது நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. ஆனால் இடையில் உள்ள பெயர்களில் ஒருவருக்குக்கூட எங்களிடம் தேதி இல்லை. ஆகவே இதில் தீர்ப்புச் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள்

ஒரு மரமாக வரையும் திட்டத்தைக் கைவிட்டோம். மூன்று தனித்தனிப் பக்கங்கள்: பிறப்பு வழி, குரு வழி, எஜமானுக்குப் பின் வந்த வழி. குரு வழியில் முஹம்மது கவுஸ், அவருக்கு மேலே ஹாஜி ஹமீது ஹுதூர், பிறகு இந்தியாவுக்கு அந்த வழியைக் கொண்டுவந்த ஷா அப்துல்லா ஷத்தாரி என்று முக்கியப் பெயர்கள் மட்டும்.

பிறப்பு வழியைத் தமிழில் பெயர்த்து எழுதாமல் ஷஜராவைப் படம் எடுத்து அப்படியே போட்டோம். ஜீலானி அவர்களுக்கு மேல் உள்ளவர்கள் குருமார்கள் என்று கீழே ஒரு வரி. பெயர்களை ஓதி வளர்ந்த வீட்டுப் பெண்கள், பட்டியல் இல்லாமல் போய்விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். அது நியாயமான ஆசை. படமாகப் போட்டதில் அதுவும் நிறைவேறியது, நாங்கள் ஒன்றை உறுதி செய்ததாகவும் ஆகவில்லை.

தேதி எல்லாம் ஹிஜ்ரியில் முதலில், ஆங்கில ஆண்டு பிறகு.

வலிமார்களின் அற்புதங்களான கராமத்துகளைத் தேதியோடு மோத விடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் நோயில் கிடந்தபோது, ஊசிகள் குத்தப்பட்ட புறாவைக் கண்டு எஜமான் அவற்றை எடுத்ததும் மன்னர் குணமானார், அதன்பின் நாகூரில் இடம் கிடைத்தது என்பது மரபு. 1570-க்கு முன் மூத்த மன்னராக இருந்தவர் சேவப்ப நாயக்கர், அச்சுதப்பர் அவரோடு சேர்ந்து ஆண்ட காலம் அது என்று ஒரு வரி விளக்கம் போதுமாக இருந்தது. கப்பலின் ஓட்டையை எஜமான் வீசிய கண்ணாடி அடைத்த நிகழ்ச்சியில், வீட்டில் சொன்னபடி 'டச்சுக் கப்பல்' என்று கையெழுத்துப் பிரதியில் இருந்தது. டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில்தான், நாகப்பட்டினத்தைப் பிடித்ததே 1658-இல். எஜமான் காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்த ஐரோப்பியர் போர்ச்சுக்கீசியர். 'ஒரு கப்பல்' என்று மாற்றினோம். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

தர்காவின் பெரிய மினாரா (கோபுரம்) பற்றிய பகுதி சிக்கலில்லாமல் போயிற்று. 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் (1739–1763) கட்டியது. எஜமான் மறைந்து இருநூறு ஆண்டு நெருங்கும்போது ஒரு இந்து அரசர் எழுப்பியது என்பதை இளைய மகன் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டோம்.

வரைபடத்தில் ஒரு தவறு அச்சுக்கு முன்பே பிடிபட்டது. ஓவியர் பிறந்த ஊரை சித்திரகூடம் பக்கம் இருக்கும் மாணிக்பூர் ரயில் சந்திப்பில் குறித்திருந்தார். எஜமான் பிறந்த மாணிக்கப்பூர் கங்கைக் கரையில், இன்றைய பிரதாப்கர் மாவட்டத்தில், காரா என்ற பழைய ஊருக்கு எதிரே இருப்பது.

ஒரு சொல்லால் வந்த மனவருத்தம்

மூன்றாவது பக்கம்தான் எதிர்பாராத இடத்தில் இடித்தது. எஜமான் திருமணம் செய்துகொள்ளவில்லை. லாகூரில் பிள்ளையில்லாத தம்பதிக்கு எஜமானின் துஆவால் (வேண்டுதலால்) பிறந்தவர் யூசுபு சாகிபு, வளர்ந்தபின் தேடி வந்து மகனாகக் கூடவே இருந்தார், அவருடைய துணைவியார் சுல்தான் பீவி அம்மா, இருவரும் எஜமானுக்குப் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள் என்பது மரபு. இரண்டு பெயருக்கும் நடுவே புள்ளிக்கோடு போட்டு, 'வளர்ப்பு மகன்' என்று எழுதியிருந்தோம்.

மெய்ப்புப் பிரதியை, யூசுபு சாகிபு வழி வந்த ஒரு பெரியவருக்கு மரியாதைக்காகக் காட்டினார் சாச்சா. அவர் கோபப்படவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "இத்தனை வருசமா மகனாருன்னுதான் சொல்லி வந்திருக்கு, இப்ப நீங்க புள்ளி வைக்கிறீங்க" என்று மட்டும் சொன்னார். சாச்சா அன்று இரவு என்னிடம் போனில் பேசியபோது குரலே சரியில்லை.

பேத்தியின் நிலை தெளிவு: உண்மை அதுதான், எழுதத்தான் வேண்டும். இளைய மகனோ பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றார். எனக்கு இரண்டும் சம்மதமில்லை. பெரியவர் மறுத்தது நடந்ததை அல்ல. தன் பாட்டனாரை ஒரு பத்திரத்தில் எழுதும் சொல்லால் குறித்ததைத்தான் அவர் மறுத்தார். புள்ளிக்கோட்டையும் அந்தச் சொல்லையும் நீக்கி, லாகூர் வரலாற்றை ஆறேழு வாக்கியத்தில் முழுமையாக எழுதினோம். படிப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும், யாருக்கும் முத்திரை குத்தப்படாது. பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: சுல்தான் பீவி அம்மாவின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடாமல் வாக்கியத்திலேயே எழுதச் சொன்னார்.

வெளிவந்த பின்

கந்தூரிக் கொடி ஏறும் நாளன்று மலர் தயாராக இருந்தது. பெரும்பாலானோர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். படித்தவர்களில் சிலர் பேசினார்கள். உறவினர் ஒருவர், பழைய துண்டு வெளியீட்டில் இருந்த ஒன்பது தலைமுறைக் கணக்கு ஏன் இல்லை, அப்போது எழுதியவர்களுக்குத் தெரியாதா என்று வருத்தப்பட்டார். தருவதாகச் சொன்ன தொகையைத் தரவில்லை. அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை, இன்று வரை.

வேறொரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. தர்கா, கராமத்து எல்லாம் கூடாது என்று நினைக்கும் ஒரு இளைஞர், சில்சிலாவே பின்னால் கட்டியது என்றார். பேத்தி அவரோடு வாதாடவில்லை. முஹம்மது கவுஸ், குவாலியர், தஞ்சை மன்னர்கள் இருந்த பக்கத்தைக் காட்டி, இவையெல்லாம் தர்கா மரபுக்கு வெளியிலும் பதிவானவை, கராமத்துகளை மரபு என்றே குறித்திருக்கிறோம் என்றார். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. மலரை எடுத்துக்கொண்டு போனார்.

நல்ல விளைவும் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடும்ப நண்பர் ஒருவர் ஒரு பிரதி கொண்டு போனார். தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவை அதுவரை எஜமான் அடங்கிய இடத்தின் கிளை என்று நினைத்திருந்தாராம். அங்கே அடக்கம் இல்லை, நினைவாகக் கட்டியது என்று மலரில் பார்த்த பிறகு, பினாங்கிலும் இலங்கையின் கல்முனையிலும் உள்ளவை பற்றிக் கேட்டு எழுதினார். கடலோடிகள் தங்கள் எஜமானைக் கூடவே எடுத்துப் போன கதை அது. மலரில் அதற்கு நாங்கள் ஒதுக்கியது கால் பக்கம்தான்.

அடுத்த பதிப்பில்

அந்தக் கால் பக்கம் பெரிதாகும். குவாலியர் குருவின் மற்ற சீடர் வழி அகமதாபாத்தில் வஜீஹுத்தீன் அலவி அவர்களுக்கும், அங்கிருந்து மதீனா சென்று, பிறகு சுமத்திராவின் ஆச்சே வரைக்கும் போயிருக்கிறது. ஒரே குருவின் வழி இரண்டு தனிப் பாதைகளில் கடல் தாண்டியதை ஒரே வரைபடத்தில் காட்டப் பேத்தி விரும்புகிறார்.

மெய்ப்பு நிலையில் அல்லாமல் எழுதும் நிலையிலேயே யூசுபு சாகிபு வழிப் பெரியவரைச் சேர்த்துக்கொள்வது என்று பேசி முடித்திருக்கிறோம். சம்பந்தப்பட்டவர்களிடம் முடிந்துபோன பக்கத்தைக் காட்டினால் அவர்களுக்கு ஆமோதிப்பது அல்லது வருந்துவது தவிர வேறு வழி இருப்பதில்லை.

ஷஜராவின் மல் துணி பசையோடு சேர்ந்து தாளையும் இழுக்கத் தொடங்கியிருக்கிறது. அதை இப்போது மடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல தெளிவில் எடுத்த படம் மூன்று வீடுகளில் இருக்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்கான செலவை, அடுத்த கந்தூரிக்கு முன் இளைய மகன் ஏற்றிருக்கிறார்.